பாட்டி கைக்கு ஒரு படக்கருவி

எங்கள் வீட்டு வரவேற்பறைச் சுவரில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மாட்டப்பட்டிருக்கிறது. 1958ஆம் ஆண்டு ஈப்போவில் ஒரு நிழற்படக் கூடத்தில் எடுக்கப்பட்ட படம் அது. அதில் இரண்டு சிறுமிகள் விறைப்பாக நிற்கிறார்கள். உயரமானவர் பெரிய பாட்டி. அவருடைய பாவாடை நுனியைப் பிடித்துக்கொண்டிருப்பவர் என் பாட்டி. அக்காளும் தங்கையும் ஒன்றாக இருக்கும் படம் எங்களிடம் அது ஒன்றுதான்.

பாட்டி திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்த பிறகு, படம் எடுக்கும் வேலை தாத்தாவுடையதாக இருந்தது. படச்சுருளுக்கும் கழுவுவதற்கும் காசு செலவாகும் என்பதால், தாத்தா ஒவ்வொரு படத்தையும் யோசித்துத்தான் எடுப்பாராம். பெரிய பாட்டியோ படமென்றாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வார். இப்போது நாங்கள் திறன்பேசியை நீட்டினாலும் அதே கதைதான்.

பெரிய பாட்டிக்கு 80 வயதாகிவிட்டது. முழங்கால் வலியால் அவர் இப்போது ஈப்போவை விட்டு எங்கும் வருவதில்லை. தீபாவளிக்கு நாங்கள் அங்கே செல்வதாக முடிவானது. அன்று இரவு உணவு உண்ணும்போது பாட்டி, "எனக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுங்கள். அக்காவை நானே படம் எடுக்கவேண்டும்" என்றார்.

"பாட்டி, கைப்பேசியிலேயே எடுக்கலாமே!" என்று அண்ணன் சொன்னான்.

பாட்டி பதில் சொல்லவில்லை. தம் கைகளைப் பார்த்துக்கொண்டார். சில ஆண்டுகளாகவே அவருக்குக் கை நடுக்கம் உண்டு. தொடுதிரையில் ஒருமுறை தொட நினைத்தால் விரல் இரண்டு முறை படும். படம் எடுப்பதற்குப் பதிலாக வேறு ஏதாவது திறந்துகொள்ளும். அப்படியே படம் எடுத்தாலும் அது எங்கே போனது என்று அவருக்குத் தெரியாது. "எடுத்ததைக் காட்டு, காட்டு" என்று எங்களையே கேட்கவேண்டியிருக்கும். அது அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அன்றுதான் நான் உணர்ந்தேன்.

அம்மா 500 வெள்ளி ஒதுக்கினார். கருவியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. தீபாவளிக்கு ஐந்து வாரங்களே இருந்தன.

நானும் அண்ணனும் முதலில் சென்ற கடையில், விற்பனையாளர் எங்கள் தேவையைக் கேட்கவே இல்லை. "இது 20 மெகாபிக்சல். 40 மடங்கு ஸூம். இன்று மட்டும் சலுகை விலை" என்று அடுக்கிக்கொண்டே போனார். எண்கள் பெரிதாக இருந்ததால் எனக்கும் ஆசை வந்தது. பணத்தைக் கட்டுவதற்குமுன் மாமாவை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று அண்ணன் சொன்னது நல்லதாகப் போயிற்று. மாமா வார இறுதிகளில் திருமண நிகழ்ச்சிகளுக்குப் படம் எடுப்பவர்.

தொலைபேசியில் நான் சொன்னதைக் கேட்டதும் மாமா, "பாட்டி படங்களை என்ன செய்யப்போகிறார்?" என்று கேட்டார்.

"அச்சிட்டு ஆல்பத்தில் வைப்பாராம், மாமா. சாதாரண 4ஆர் அளவு."

"அப்படியென்றால் ஒரு கணக்குப் போட்டுப் பார்."

4ஆர் என்பது நான்கு அங்குல அகலமும் ஆறு அங்குல நீளமும் கொண்ட தாள். தெளிவாக அச்சிட, ஓர் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் போதும். அப்படியானால் அகலத்தில் 1,200 புள்ளிகள். நீளத்தில் 1,800 புள்ளிகள். பெருக்கினால் 2,160,000. இரண்டு மெகாபிக்சலுக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்! ஏ4 தாள் முழுவதும் அச்சிட்டாலும் ஒன்பது மெகாபிக்சலுக்குள் அடங்கிவிடும். அந்த 20 என்ற எண்ணைப் பார்த்தா நான் மயங்கினேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

எண்ணிக்கையைவிட, ஒளியைப் பிடிக்கும் உணரியின் பரப்பளவுதான் முக்கியம் என்று மாமா விளக்கினார். மலிவான சிறிய கருவிகள் பலவற்றில் உணரி ஏறக்குறைய 28 சதுர மில்லிமீட்டர்தான் இருக்கும்; சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 'ஓர் அங்குல உணரி' என்று சொல்லப்படும் வகையில் அது 116 சதுர மில்லிமீட்டர். பெயரில்தான் ஓர் அங்குலம். உண்மையில் அதன் நீளம் 13.2 மில்லிமீட்டரே. (இப்படி ஏன் பெயர் வைத்தார்கள் என்று கேட்டேன். பழைய தொலைக்காட்சிப் படப்பிடிப்புக் கருவிகளில் இருந்த குழாய்களின் அளவிலிருந்து வந்த பழக்கமாம்.) மழைநீரைப் பிடிக்க வாய் அகன்ற அண்டாவை வைப்பதற்கும் குவளையை வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. வெளிச்சம் குறைந்த வீட்டுக்குள் எடுக்கும் படங்களில் இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். பெரிய பாட்டியோ நாள் முழுவதும் சமையலறையில்தான் இருப்பார்.

நாற்பது மடங்கு ஸூமையும் மாமா ஏற்கவில்லை. தொலைவில் இருப்பதை எவ்வளவுக்கு நெருக்கமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்குக் கை நடுக்கமும் படத்தில் பெரிதாகத் தெரியும். குடும்பப் படங்களுக்கு மூன்று அல்லது நான்கு மடங்கே போதும். அதுவும் வில்லைகள் நகர்ந்து பெரிதாக்கும் ஆப்டிகல் ஸூமாக இருக்கவேண்டும். டிஜிட்டல் ஸூம் என்பது படத்தின் நடுப்பகுதியை வெட்டி எடுத்து ஊதிப் பெரிதாக்குவதுதான்.

அடுத்த சனிக்கிழமை மாமா எங்களைப் பெனின்சுலா ஷாப்பிங் சென்டருக்கு அழைத்துச் சென்றார். பயன்படுத்திய கருவிகளை விற்கும் கடைகள் அங்கே இருக்கின்றன. "பாட்டியையும் கூட்டிக்கொண்டு வா. அவர் இல்லாமல் அவருடைய கருவியை எப்படி வாங்குவது?" என்று மாமா முன்னரே சொல்லியிருந்தார். இந்த எண்ணம் எனக்கு ஏன் வரவில்லை என்று தெரியவில்லை. பாட்டி அன்று புதுச் சேலை உடுத்தி வந்தார்.

கடைக்காரர் முதலில் காட்டியது, வில்லையை மாற்றக்கூடிய பெரிய கருவி. படம் அருமையாக இருந்தது. ஆனால் வில்லையோடு சேர்த்து அது 700 கிராமுக்கு மேல் எடை கொண்டது. பாட்டி ஒரு நிமிடம் பிடித்துவிட்டு, "அம்மிக்கல் மாதிரி இருக்கிறது" என்று மேசையில் வைத்துவிட்டார்.

"இதற்கே இப்படிச் சொன்னால் எப்படி அத்தை? முதல் டிஜிட்டல் கேமரா மூன்றரைக் கிலோவுக்கு மேல் இருந்தது" என்று மாமா சிரித்தார். 1975ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டீவன் சாசன் என்ற பொறியாளர் அதை உருவாக்கினாராம். 0.01 மெகாபிக்சல் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை ஒலிநாடாவில் பதிய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. "அதுவரைக்கும் பிள்ளைகள் அசையாமல் நிற்பார்களா?" என்று பாட்டி கேட்டார். கடைக்காரரும் சிரித்துவிட்டார்.

அடுத்து வந்தது சட்டைப்பையில் வைக்கக்கூடிய மிகச் சிறிய கருவி. சிறியதுதான் எளியது என்று நான் எண்ணியிருந்தேன். அது தவறு என்று உடனே தெரிந்துவிட்டது. அதன் பொத்தான்கள் அரிசி மணியளவே இருந்தன. பிடிப்பதற்கு மேடான பகுதி இல்லாததால் கருவி பாட்டியின் கையில் வழுக்கியது. படம் எடுக்க நினைத்து, பக்கத்திலிருந்த பொத்தானை அழுத்தி இரண்டு முறை கருவியையே அணைத்துவிட்டார். முகத்திலிருந்து தள்ளி, கைகளை நீட்டிப் பிடிக்கவேண்டியிருந்ததால் நடுக்கமும் அதிகமாயிற்று.

அப்போதுதான் மாமா, கண்ணருகே வைத்துப் பார்க்கும் காட்சித்துளை உள்ள கருவி ஒன்றைக் கேட்டார். சில ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த வகை. ஓர் அங்குல உணரி. எடை 380 கிராம். வலப்பக்கத்தில் விரல்களைப் பதிக்க ஒரு மேடு. பாட்டி அதைக் கையில் வாங்கியதும், யாரும் சொல்லாமலேயே இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டிவைத்துக்கொண்டு கருவியைக் கண்ணில் பொருத்தினார். தாத்தா அப்படித்தான் நிற்பாராம். முகமும் இரண்டு கைகளும் சேர்ந்து தாங்கியதால் கருவி முன்போல் ஆடவில்லை. கருவிக்குள்ளேயே நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பும் இருந்தது. வில்லையின் ஒரு பகுதி, கை அசையும் திசைக்கு ஏற்ப நகர்ந்து காட்சியை நிலைப்படுத்துகிறது.

"ஆனால் அது உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரிசெய்யும். பேரன் ஓடினால் அதனால் ஒன்றும் செய்யமுடியாது" என்று மாமா எச்சரித்தார். அக்காவின் மகனுக்கு இரண்டு வயது. அவன் ஒரு நொடிகூட நிற்கமாட்டான். ஓடும் குழந்தையைத் தெளிவாக எடுக்க, திரை மூடும் வேகம் ஒரு நொடியில் 250இல் ஒரு பங்காவது இருக்கவேண்டும். அதற்கு வெளிச்சம் வேண்டும். ஆகவே அவனைச் சன்னல் பக்கமாக அழைத்து வந்து எடுப்பதுதான் சுலபமான வழி.

பாட்டி கடைக்காரரைப் படம் எடுத்தார். திரையில் படம் பளிச்சென்று தெரிந்தது. "கடை விளக்குகளின் வெளிச்சத்தில் எல்லாக் கருவியிலும் படம் நன்றாகத்தான் வரும். அங்கே எடுங்கள்" என்று மாமா மாடிப்படியின் கீழே இருந்த இருண்ட மூலையைக் காட்டினார். அங்கு நின்ற அண்ணனின் முகமும் தெளிவாகவே விழுந்தது.

பயன்படுத்திய பொருள் என்பதால் மாமா இன்னும் சிலவற்றைப் பார்த்தார். வில்லைக்குள் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று விளக்கொளியில் உற்று நோக்கினார். நம் நாட்டு ஈரப்பதத்தில் இது அடிக்கடி ஏற்படும். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, கரும்புள்ளிகள் தெரிகின்றனவா என்று பெரிதாக்கிப் பார்த்தார். அந்தக் கருவிக்கு இப்போதும் மின்கலம் கிடைக்குமா என்று கேட்டு, கூடுதலாக ஒன்றை வாங்கினார். 32 கிகாபைட் நினைவக அட்டை, மூன்று மாத உத்தரவாதம் எல்லாம் சேர்த்து 485 வெள்ளி ஆனது. அட்டையில் ஏறக்குறைய 6,000 படங்களைச் சேமிக்கலாம் என்றதும் பாட்டி நம்பவே இல்லை. தாத்தாவின் படச்சுருளில் 36தான்.

வீட்டுக்கு வந்ததும், மேலே இருந்த சுழல்குமிழைத் தானியங்கி முறையில் வைத்தேன். நாளும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்தேன். ஃபிளாஷ் விளக்கையும் டிஜிட்டல் ஸூமையும் நிறுத்தினேன். பாட்டி தம் நெற்றிப்பொட்டு அட்டையிலிருந்து சிவப்புப் பொட்டு ஒன்றை எடுத்து, படம் எடுக்கும் பொத்தானின்மேல் ஒட்டினார். அதன்பிறகு பொத்தான் மாறவே இல்லை.

பொத்தானைப் பாதி அழுத்தினால் கருவி குவியத்தைச் சரிசெய்யும். பச்சைக் கட்டம் தோன்றிய பிறகு முழுவதும் அழுத்தவேண்டும். இதைப் பழகத்தான் பாட்டிக்கு நான்கு நாள் ஆயிற்று. முதல் நாள் எடுத்தவற்றில் பாதிப் படங்களில் தலையே இல்லை. "உன் தாத்தா எப்படித்தான் எடுத்தாரோ!" என்று அலுத்துக்கொண்டார். ஆனால் கருவியைக் கீழே வைக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்து நாற்காலியிலேயே உறங்கிப்போன அம்மாவை ஒரு காலையில் எடுத்திருந்தார். எங்கள் கைப்பேசிகளில் ஆயிரக்கணக்கான படங்கள் இருக்கின்றன. அவற்றுள் அப்படி ஒன்று கிடையாது.

ஈப்போவில் பெரிய பாட்டி எங்களைப் பார்த்ததும் அழுதார். பிறகு சமையலறைக்குப் போய்விட்டார். முறுக்கு மாவு பிசைந்து வைத்திருந்தார். அண்ணன் கைப்பேசியை எடுத்ததுமே முந்தானை முகத்திற்குப் போயிற்று. பாட்டி எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் எதிரில் உட்கார்ந்தார். வெகுநேரம் பேச்சுச் சத்தம்தான் கேட்டது. இடையிடையே கருவியின் 'கிளிக்' ஒலி.

"எதற்குடி இந்தக் கிழவியை இத்தனை படம்?"

"உன்னைவிட நான் என்ன சின்னவளா? பேசாமல் முறுக்கைப் பிழி அக்கா."

அன்று பாட்டி எடுத்தவை 63 படங்கள். பல சாய்ந்திருந்தன, சில மங்கலாக இருந்தன. ஒன்றில் மட்டும் எல்லாம் சரியாக அமைந்திருந்தது. பின்வாசல் வெளிச்சம் ஒரு பக்கக் கன்னத்தில் விழ, கையில் முறுக்கு அச்சோடு பெரிய பாட்டி வாய்விட்டுச் சிரிக்கிறார். முந்தானை தோளிலேயே இருக்கிறது.

சென்ற ஆண்டு என் கைப்பேசி நீரில் விழுந்து, அக்கா மகனின் முதல் பிறந்தநாள் படங்கள் எல்லாம் போய்விட்டன. அதை மறக்காமல், ஊர் திரும்பிய அன்றே படங்களைக் கணினியிலும் ஒரு தனி வன்தட்டிலும் சேமித்தேன். பாட்டிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. அந்தப் படத்தை 4ஆர் அளவில் மூன்று படிகள் அச்சிடச் சொன்னார். ஒன்று ஆல்பத்திற்கு, ஒன்று சுவரில் 1958ஆம் ஆண்டுப் படத்தின் பக்கத்தில் மாட்டுவதற்கு. மூன்றாவதை உறையில் இட்டு, ஈப்போ முகவரியைத் தாமே எழுதினார். எழுத்துகள் சற்று நடுங்கியிருந்தன. நான் எழுதித் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு சொல்லாமல் அஞ்சல்தலையை மட்டும் எடுத்துக் கொடுத்தேன்.