தேன்பெட்டியில் உண்ணியா? முதல்ல எண்ணுங்க!

இத்தாலியத் தேனீ வளர்க்கிற தங்கச்சிகள் அதிகம் கேட்கிற கேள்வி, "அக்கா, உண்ணிக்கு என்ன மருந்து?" என்பதுதான். மருந்து அப்புறம். எத்தனை உண்ணி இருக்குன்னு தெரியாமப் போடுற மருந்து ஒண்ணு வீண், இல்லைன்னா கேடு.

* ஆளைத் தெரிஞ்சுக்கோங்க: வரோவா உண்ணி செம்பழுப்பா, தட்டையா, ஒன்றரை மி.மீ. அகலத்துல குட்டி நண்டு மாதிரி தேனீயோட வயித்துல ஒட்டியிருக்கும். ட்ரோபிலேலாப்ஸ் உண்ணி இன்னும் பொடிசு. அடை மேல குடுகுடுன்னு ஓடும். சிறகு சுருங்கின இளம் தேனீக்கள் வாசல்ல ஊர்ந்தா, உண்ணி ஏற்கெனவே பெருகிடுச்சுன்னு அர்த்தம்.

* சர்க்கரைச் சோதனை: புழு இருக்கிற அடையில இருந்து அரை கப் தேனீயை (சுமார் 300) பாட்டில்ல தட்டுங்க. ராணி அதுல இல்லைன்னு முதல்ல பார்த்துக்கோங்க. மூடிக்குப் பதிலா கம்பி வலை போட்டு, மிக்ஸியில பொடிச்ச சர்க்கரை 2 டேபிள்ஸ்பூன் தூவி மெதுவா உருட்டுங்க. 2 நிமிஷம் கழிச்சுக் கவிழ்த்து, தண்ணி ஊத்தின வெள்ளைத் தட்டுல உலுக்குங்க. சர்க்கரை கரையும், உண்ணி கண்ணுக்குத் தெரியும். 9 இருந்தா நூத்துக்கு 3, சிகிச்சை தேவை. கம்மின்னா மாசா மாசம் எண்ணினாப் போதும். தேனீக்களைத் திரும்பப் பெட்டியிலேயே விட்டுடுங்க.

* ஆண் புழு அடையை வெட்டுங்க: வரோவா ஆண் தேனீப் புழுவைத்தான் அதிகம் தேடிப் போகும். அந்த அறைகள் மூடினதும் வெட்டி எடுத்துடுங்க. முட்டையிலிருந்து 24-ஆம் நாள் ஆண் தேனீ வெளியே வந்துடும். அதுக்குள்ள வெட்டலைன்னா நீங்களே உண்ணி வளர்த்த கணக்கு.

* ராணிக்குக் கூண்டு: ராணியை 24 நாள் கூண்டுல வெச்சா, பெட்டியில புழுவே இருக்காது. புழு இல்லாம ட்ரோபிலேலாப்ஸ் சில நாளுக்கு மேல தாங்காது. வரோவா மூடின அறையில ஒளிய முடியாம தேனீ மேல இருக்கும். ஆக்ஸாலிக் அமிலத்துக்கு அதுதான் நேரம். மூடின அறைக்குள்ள அது போகாது. சர்க்கரையும் தண்ணியும் சம அளவு கலந்த 1 லிட்டர் பாகுல 35 கிராம் கரைச்சு, சட்டங்களுக்கு நடுவுல தேனீ இருக்கிற ஒவ்வொரு இடைவெளியிலும் 5 மி.லி. விடுங்க. ஒரு பெட்டிக்கு 50 மி.லி.க்கு மேல வேண்டாம்; ஒரு தடவை போதும்.

* ஃபார்மிக் அமிலம்: இதோட ஆவி மூடின அறைக்குள்ளயும் போகும். 85 சதவீத அமிலம் 5 மி.லி.யை, பஞ்சுத் திரி போட்ட குப்பியில ஊத்தி அடிப்பலகையில வெச்சு, தினமும் நிரப்பி ரெண்டு வாரம் தொடரணும். வெயில் 30 டிகிரியைத் தாண்டினா ஆவி அதிகமாகி ராணியே சாகலாம்; அதனால சித்திரை, வைகாசியில தொடாதீங்க. கையுறை, கண்ணாடி கட்டாயம். குழந்தைகள் கைக்கு எட்டாம பூட்டி வையுங்க.

* தேன் அறையை எடுத்துடுங்க: எந்த மருந்தானாலும், தேன் எடுத்து முடிச்சு, தேன் அறையைக் கழட்டின பிறகுதான். வயலுக்கு அடிக்கிற பூச்சிமருந்து பெட்டிக்குள்ள கூடவே கூடாது. ஃபுளூவாலினேட் மாதிரி மருந்து மெழுகுலயே தங்கிடும். பல இடங்கள்ல உண்ணிக்கும் அது பழகிப்போச்சு.

* இந்தியத் தேனீயா? பெரும்பாலும் மருந்து வேண்டாம். அது உண்ணியைத் தானே கடிச்சுத் தள்ளும். வரோவாவும் அதோட ஆண் புழு அறையிலதான் பெருகும்.

சிகிச்சை முடிஞ்சதும் மறுபடி எண்ணுங்க. வழி மாறி வர்ற தேனீயோடயும், தேன் திருட வர்ற தேனீயோடயும் உண்ணி பெட்டிக்குப் பெட்டி தாவும். அதனால எல்லாப் பெட்டிக்கும் ஒரே நேரத்துல செய்யுங்க. பக்கத்துத் தோட்டத்துல பெட்டி வெச்சிருக்கிறவங்களையும் சேர்த்துக்கோங்க.