சத்தமில்லாத சின்னக் கணினி

கேள்வி: கள்ளக்குறிச்சி வெயிலுக்குத் தாங்கும், சத்தமில்லாத சிறிய கணினியை அமைப்பது எப்படி?

பதில்: கணினியின் இரைச்சல் விசிறியிலிருந்தும் சுழலும் ஹார்டு டிஸ்க்கிலிருந்தும் வருகிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் எஸ்எஸ்டி பொருத்தினால் இரண்டாவது தொல்லை ஒழியும். வியா நிறுவனம் 2001இல் அறிமுகப்படுத்திய மினி-ஐடிஎக்ஸ் அளவு மதர்போர்டு 17 செ.மீ. சதுரம்தான், 65 வாட்டுக்கு மேற்படாத பிராசசர் அதற்குப் பொருந்தும். 12 செ.மீ. விசிறி மெதுவாகச் சுழன்றே போதிய காற்றைத் தள்ளும்; 4 செ.மீ. விசிறி அதே காற்றுக்காக வேகமாகச் சுழன்று கீச்சிடும். விசிறியே இல்லாத பெட்டி கல்வராயன் மலையின் குளுமையில் எளிதாகத் தாங்கும். கோடையில் 40 டிகிரியை நெருங்கும் சமவெளியில் ஒரு விசிறியாவது வேண்டும். காற்று நுழையும் பக்கம் தூசி வடிகட்டி, சுவரிலிருந்து ஒரு சாண் இடைவெளி, மாதம் ஒருமுறை சுத்தம்: இவை அமைதியை நீடிக்கச் செய்யும்.