எட்டு அணிகளும் ஏழு ஞாயிறுகளும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

வள்ளுவப் பெருந்தகை வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்திருக்கிறார். அரசனுக்குச் சொன்னவை அவை. ஆயினும் ஒரு கபடிப் போட்டிக்கு ஆட்ட அட்டவணை தயாரிப்பவனுக்கும் அவை பொருந்தும். எத்தனை அணிகள், எத்தனை மணி நேரம், எத்தனை ஆடுகளம் என்ற மூன்றையும் அறியாமல் அட்டவணை எழுதினால் என்ன ஆகும் என்பதைச் சென்ற ஆண்டு எங்கள் ஊரில் கண்ணால் கண்டேன். அந்த அனுபவமே இக்கட்டுரைக்குக் காரணம்.

சென்ற ஆண்டு நடந்தது

எங்கள் பகுதி இளைஞர்கள் ஆண்டுதோறும் எட்டு அணிகளாகப் பிரிந்து கபடி ஆடுவது வழக்கம். ஆடுபவர்களில் பாதிப் பேர் மாணவர்கள். மீதிப் பேர் பனியன் கம்பெனிகளில் கட்டிங், செக்கிங், அயர்னிங் வேலை செய்பவர்கள். சென்ற ஆண்டு குலுக்கல் சீட்டு எடுத்து, இரண்டே வாரத்தில் முடித்துவிடலாம் என்று அட்டவணை போட்டார்கள். அதை நோட்டில் அழகாக எழுதிக் கொடுத்தவன் நான்தான்.

ஓர் அணி ஒரே மாலையில் இரண்டு ஆட்டம் ஆட நேர்ந்தது. இன்னோர் அணி ஒன்பது நாள் சும்மா காத்திருந்தது. எங்கள் அணிக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆட்டம் விழுந்தது. சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றரை ஷிப்ட் முடித்துச் சம்பளம் வாங்காமல் யார் வருவார்? ஏழு பேர் நிற்க வேண்டிய இடத்தில் நான்கு பேர் நின்றோம். எதிரணிக்கு வாக்ஓவர் கொடுக்கப்பட்டது. இரவு ஒன்பது மணிக்குச் சைக்கிளில் ஓடிவந்த என் நண்பன், எங்கள் அணியின் சிறந்த ரைடர், காலி மைதானத்தைப் பார்த்துவிட்டு, “இது படிக்கிற பசங்களுக்கு வெச்ச ஆட்டம்டா” என்று சொல்லிப் போனான். அதன்பின் அவன் ஆட வரவே இல்லை. பள்ளியில் பத்தாம் வகுப்புவரை என் பக்கத்து இருக்கையில் அமர்ந்தவன் அவன்.

அப்பா கேட்ட கேள்வி

என் தந்தை ஓவர்லாக் டெய்லர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். இவ்வாண்டுக்கான அட்டவணையை வீட்டில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தபோது அப்பா எட்டிப் பார்த்தார். “ஏங்கண்ணு, எவன் எப்ப வருவான்னு எழுதறியே, எவன் எப்ப வரமாட்டான்னு கேட்டியா? கட்டிங் முடியாம எங்கிட்ட பீஸ் வருமா? மொதல்ல எது முடியாதுன்னு தெரிஞ்சாத்தான் எது முடியும்னு தெரியும்” என்றார்.

நான் திடுக்கிட்டேன். வகுப்பில் கோட்டுருவியல் நடத்தும்போது எங்கள் பேராசிரியர் சொன்னதும் இதுவேதான். ஒன்றோடொன்று மோதுகின்றவற்றைக் கோடு போட்டு இணைத்துவிட்டு, கோட்டால் இணைந்த இரண்டிற்கும் ஒரே வண்ணம் வராதபடி வண்ணம் தீட்டுவதே அந்தக் கணக்கு. இங்கே ஆட்டங்கள் புள்ளிகள், நேரங்கள் வண்ணங்கள். ஒரே அணி ஆடும் இரு ஆட்டங்களுக்கு ஒரே நேரம் வரக்கூடாது, அவ்வளவே.

வட்ட முறை

எட்டு அணிகளில் ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் ஆட வேண்டும். எட்டை ஏழால் பெருக்கி இரண்டால் வகுக்க, 28 ஆட்டங்கள். கபடி ஆட்டம் 20 நிமிடப் பாதிகள் இரண்டும், 5 நிமிட இடைவேளையும் கொண்டது. ஆட்டத்திற்கு ஒரு மணி நேரம் என வைத்தால், ஞாயிறு மாலை 3 முதல் 7 மணி வரை நான்கு ஆட்டங்கள். ஆக, ஏழு ஞாயிறுகள் போதும். ஒவ்வோர் அணிக்கும் ஞாயிற்றுக்கு ஒரே ஓர் ஆட்டம்.

இதை அமைக்க எளிய வழி உண்டு. மேல் வரிசையில் 1, 2, 3, 4 என்றும், அதன் கீழே 8, 7, 6, 5 என்றும் எழுதுங்கள். மேலும் கீழும் நேராக இருப்பவர்கள் முதல் ஞாயிறு ஆடுவர்: 1–8, 2–7, 3–6, 4–5. அடுத்த வாரம் 1-ஐ அசைக்காமல், மற்ற எண்களைக் கடிகார முள் போல ஓர் இடம் நகர்த்துங்கள்: 1–7, 8–6, 2–5, 3–4. மூன்றாம் வாரம்: 1–6, 7–5, 8–4, 2–3. இப்படி மொத்தம் ஆறு முறை நகர்த்தினால் எந்த ஆட்டமும் விடுபடாது; எதுவும் இரட்டிக்காது. அணிகள் ஏழாக இருந்தால் எட்டாம் எண்ணை ‘ஓய்வு’ என்று கொள்ளலாம். அதோடு சேர்ந்தவர் அன்று ஆட மாட்டார்.

அடுத்து, ஒரே நாளின் நான்கு ஆட்டங்களை எந்த வரிசையில் வைப்பது? 24 வகையில் வைக்கலாம். அப்பா சொன்னபடி ஒவ்வோர் அணியாகச் சென்று கேட்டேன். 3, 7 ஆகிய அணிகள் வெளியூர். ஐந்தரை மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். ஆகவே அவர்களுக்கு முதல் இரண்டு இடங்களே ஆகும். 5-ஆம் அணியினருக்கு ஞாயிறு மதியம் வரை வேலை. நான்கு மணிக்கு முன் வர இயலாது. எனவே முதல் ஆட்டம் கூடாது. மூன்றாம் ஞாயிறைப் பாருங்கள்: 7–5 ஆட்டம் இரண்டாவதாகத்தான் இருக்க முடியும், 2–3 முதலாவது. மற்ற இரண்டும் எப்படியும் இருக்கலாம். ஏழு ஞாயிறுகளுக்கும் இப்படியே பொருந்திவிடுகிறது. மழைக்கும் அவசர ஷிப்மெண்டுக்கும் என எட்டாம் ஞாயிறு ஒன்றைக் காலியாக விட்டிருக்கிறேன்.

பெரியவர்களும் தடுமாறியதுண்டு

இது சிறுவர் விளையாட்டுச் சிக்கல் என்று எண்ண வேண்டாம். 2009-இல் ஐ.பி.எல். கிரிக்கெட்டும் மக்களவைத் தேர்தலும் ஒரே காலத்தில் வந்தன. வாக்குச்சாவடிக்கும் மைதானத்திற்கும் ஒருசேரப் பாதுகாப்புக் கொடுக்க இயலாத நிலையில், தொடர் முழுவதும் தென்னாப்பிரிக்காவிற்குச் சென்றது.

அதைவிடப் பெரிய பாடம் 1982 உலகக் கோப்பைக் கால்பந்து. ஸ்பெயினில் நடந்த அப்போட்டியில், மேற்கு ஜெர்மனியையே வீழ்த்திய அல்ஜீரியா தன் கடைசி ஆட்டத்தை ஜூன் 24-இல் ஆடி முடித்தது. மேற்கு ஜெர்மனியும் ஆஸ்திரியாவும் மறுநாள் மோதின. ஜெர்மனி ஓரிரு கோல் வித்தியாசத்தில் வென்றால் இருவருமே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்பது இரு அணிகளுக்கும் முன்னரே தெரியும். பத்தாம் நிமிடத்தில் ஒரு கோல் விழுந்தது. பிறகு ஆட்டம் பெயருக்கு நடந்தது. அல்ஜீரியா வெளியேறியது. விதி எதுவும் மீறப்படவில்லை. அட்டவணைதான் அநீதி செய்தது. 1986 முதல் ஒரு பிரிவின் கடைசி இரு ஆட்டங்களும் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன.

அதை நினைத்தே, ஏழாம் ஞாயிறு மட்டும் இரண்டு ஆடுகளம் கோடு போடச் சொல்லியிருக்கிறேன். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். பள்ளி மைதானத்தில் இரண்டு தாராளமாகக் கொள்ளும். 3 மணிக்கு இரண்டு, 4 மணிக்கு இரண்டு என ஆட்டங்கள். கோப்பைக்கு வாய்ப்புள்ள அணிகள் ஒரே நேரத்தில் ஆடும். ஐந்தரைப் பேருந்தும் தவறாது.

முடிவாக

நண்பர்களே! அட்டவணை என்பது வெறும் தாளல்ல. யாருடைய நேரத்தை மதிக்கிறோம், யாருடையதை மறக்கிறோம் என்பதை அது காட்டிக் கொடுத்துவிடும். சென்ற ஆண்டு என் கையெழுத்தில் எழுதிய தாள் என் நண்பனை மறந்தது. கணிதம் படிக்கும் நான் கணக்கில் பிழை செய்யவில்லை, கேட்கத் தவறினேன்.

புதிய அட்டவணையை எடுத்துக்கொண்டு சென்ற வாரம் அவன் வீட்டுக்குப் போனேன். ஒவ்வொரு ஞாயிறாக விரலை வைத்துப் பார்த்தான். “சனிக்கிழமை ஒண்ணுமே இல்லையா?” என்றான். “இல்லை” என்றேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வருவேன் என்று சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் பெயரை எங்கள் அணிப் பட்டியலில் முதலாவதாக எழுதி வைத்திருக்கிறேன்.