சிற்றலையில் தன்னியக்க இணைப்பு

2004 டிசம்பர் 26ஆம் நாள் சுனாமி தாக்கியபோது அந்தமான் தீவுகளின் தொலைபேசித் தொடர்பு பெருமளவில் அறுந்தது. புதுடில்லியில் மத்திய அரசு அளித்த அனுமதியுடன் அப்போது போர்ட் பிளேயரில் இயங்கிவந்த அமெச்சூர் வானொலிக் குழு, சிற்றலை வழியே செய்திகளை வெளியுலகுக்கு அனுப்பியது.

சிற்றலை (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ்) அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் செல்கிறது. ஆனால், இதற்கு ஏற்ற அதிர்வெண் இரவு பகலுக்கும், ஏறத்தாழ 11 ஆண்டுச் சூரியப்புள்ளிச் சுழற்சிக்கும் ஏற்ப மாறுபடும். அதனைத் தேர்வதற்கு இயக்குவோரின் அனுபவம் தேவைப்பட்டது. தன்னியக்க இணைப்பு முறையில் இப்பணியைக் கருவியே செய்கிறது. நிலையம் ஒவ்வொன்றும் குறித்த இடைவெளியில் பல அதிர்வெண்களில் தன் அழைப்புக் குறியீட்டை அனுப்புகிறது. ஏனைய நிலையங்கள் அந்த அதிர்வெண்களை மாறி மாறிக் கேட்டு, அவற்றின் தரத்தை மதிப்பெண்ணாகப் பதிந்துகொள்கின்றன. அழைக்கும் வேளையில், மிகுந்த மதிப்பெண் பெற்ற அதிர்வெண் முதலில் முயலப்படுகிறது.

ஆகவே, இம்முறையின் பயன் நிலையங்களின் செயற்பாட்டு அளவைப் பொறுத்தது. குறியீடு அனுப்பும் நிலையங்கள் அருகினால் மதிப்பெண் பட்டியல் வெறுமையாகும். பேரிடர் நாளில் கருவி இருந்தும் மறுமுனையில் எவரும் இரார். பொருளாதார நோக்கில், புதிதாகச் சேரும் ஒவ்வொரு நிலையமும் மற்றவை அனைத்தின் பயனையும் உயர்த்துகிறது. எனவே, வழங்கப்பட்ட உரிமங்களின் தொகையைவிட, நாள்தோறும் வானில் ஒலிக்கும் நிலையங்களின் தொகையே நமது ஆயத்த நிலைக்கு உரிய அளவுகோலாகும்.