அரிசிக் கரையில் கோதுமைக்குப் பத்தியம்

கேள்வி: எங்கள் சொந்த ஊர் தூத்துக்குடி. கணவரின் வேலைக்காகப் பல வருடம் டெல்லியில் இருந்தோம். அங்கேதான் எனக்கு சீலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். எத்தனை மாத்திரை விழுங்கியும் ரத்தசோகை தீரவில்லை. எப்போதும் வயிற்று உப்புசம், எடையும் இறங்கிக்கொண்டே போனது. கடைசியில் எண்டோஸ்கோப்பி செய்து, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்து உறுதிப்படுத்தினார்கள். குளூட்டன் என்ற புரதம் உள்ள கோதுமை, பார்லி, ரை மூன்றும் வாழ்நாள் முழுக்கக் கூடாதாம். டெல்லியில் குளூட்டன் இல்லாத மாவு, பிரெட், பிஸ்கட் எல்லாம் செல்போனைத் தட்டினால் வாசலுக்கு வந்துவிடும்.

இப்போது கணவருக்கு விழிஞ்ஞம் துறைமுகத்தில் வேலை. இங்கே கடையில் கேட்டால் விழிக்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சேச்சி தங்கமானவர். ஆனால் ‘சோற்றை விட்டுவிட்டு ராத்திரி சப்பாத்தி சாப்பிடு, உடம்பு தேறும்’ என்கிறார். அவர் கொடுத்தனுப்பும் பலகாரத்தை நான் தொடாததில் அவருக்கு வருத்தம். இத்தனைக்கும் நான் சோறும் புட்டும் இடியாப்பமும்தான் சாப்பிடுகிறேன். மாவு பக்கத்து மில்லில் அரைத்தது, சில நாள் காலையில் புட்டு ஹோட்டலில் வாங்குவது. அப்படியும் சில தடவை வயிறு பழையபடி ஆகிவிட்டது. ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கலாமா என்பதும் தெரியவில்லை. ஒன்பது வயது மகனுக்கும் இது வருமா? சப்பாத்தி இல்லாமல் அவன் சாப்பிட மாட்டான்.
— ஒரு வாசகி, விழிஞ்ஞம்

பதில்: முதலில் அந்தச் சேச்சிக்காகக் கொஞ்சம் வாதாடிவிடுகிறேன். திருவனந்தபுரம் பக்கம் கோதுமைக்குப் பாதி மருந்து என்று பெயர். வீட்டில் ஒருவருக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் ராத்திரிச் சோறு நின்று சப்பாத்தி வந்துவிடும். காய்ச்சலில் கிடந்தவருக்குக் கோதுமைக் கஞ்சி. புட்டையும் இடியாப்பத்தையும்கூடச் சர்க்கரைக்காரர்களுக்கென்று கோதுமையில் தனியாக அவிக்கிறார்கள். அரிசி கெடுதல், கோதுமை நல்லது என்று, உணவு ஆலோசனை சொல்லும் எங்களைப் போன்றவர்களே சொல்லிச் சொல்லிப் பழக்கிய ஊர் இது. கோதுமை தின்று ஒருத்தி இளைத்தாள் என்றால் சட்டென்று யார் நம்புவார்கள்?

அவர் இந்த நோயைக் கேள்விப்படாததற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000-க்கும் மேற்பட்டவர்களின் ரத்தத்தைச் சோதித்த ஓர் ஆய்வு 2016-ல் வெளிவந்தது. சீலியாக்குக்கு உரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம் இருந்தது, தெற்கே 0.10 பேரிடம்தான். இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணுக்களோ இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. பெரிய வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கே ஒருவர் நாளொன்றுக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார், தெற்கே 25 கிராம். உங்கள் கதையும் அப்படி இருக்கலாம்: மரபணு தூத்துக்குடியுடையது, தட்டு டெல்லியுடையது. தூத்துக்குடியிலேயே இருந்திருந்தால் நோய் தலைகாட்டியிருக்காது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கடற்கரைக்கு வந்ததை இழப்பாக நினைக்க வேண்டாம் என்று மட்டும் தைரியமாகச் சொல்வேன்.

சேச்சியிடம் ‘குளூட்டன்’, ‘டயட்’ என்ற பேச்சே வேண்டாம். டயட் என்றால் மெலிவதற்கான நாகரிகம் என்று நினைப்பார்கள், அலர்ஜி என்றால் ஒரு மாத்திரையில் தீரும் என்று நினைப்பார்கள். ‘சிறுகுடலில் நோய், கோதம்பும் மைதாவும் பத்தியம், ஆயுசு முழுக்க’ என்று சொல்லிப் பாருங்கள். ஆயுர்வேதத்தில் ஊறிய ஊர், பத்தியம் என்றால் மறுபேச்சு இருக்காது. கூடவே அவரிடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்: வாழைக்காயோ, தேங்காயோ, அவர் வீட்டு முருங்கைக்கீரையோ. வேண்டாம் என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருப்பவரோடு அக்கம்பக்கம் ஒட்டாது.

இனி சாப்பாடு. டெல்லியில் வாங்கிய அந்தப் பாக்கெட்டுகளைத் தேடாதீர்கள். அவற்றில் பல, மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கொழுப்பையும் கூட்டிப் பிசைந்தவை. விலை மூன்று மடங்கு, நார்ச்சத்து பெயருக்கு. இந்தக் கரை காலங்காலமாகச் சாப்பிட்டுவருவதே உங்களுக்குத் தோதானது. செம்பாவு அரிசிக் கஞ்சியும் சிறுபயறும், தேங்காய்த் துவையலோடு. புட்டும் கடலைக்கறியும். ஆப்பம், இடியாப்பம், பத்திரி. நான் மார்த்தாண்டத்துக்காரி, அதனால் மரச்சீனிக்கு, அதாவது மரவள்ளிக்கிழங்குக்கு, கொஞ்சம் அதிகமாகவே பரிந்துபேசுவேன், மன்னியுங்கள். திருவிதாங்கூரில் இந்தக் கிழங்கைப் பரப்பியதில் விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் ஆண்டது 1880 முதல் 1885 வரைதான். இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது இந்த மண்ணின் வயிற்றைக் காத்தது இதே கிழங்கு. கிழங்கு ஆராய்ச்சிக்கென்றே ஒரு மத்திய நிறுவனம் திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் இருக்கிறது. வேகவைத்த முதல் தண்ணீரை மட்டும் வடித்துக் கொட்டிவிடுங்கள். மரச்சீனியில் புரதம் மிகக் குறைவு. அதனால்தான் இங்கே அதை மீன்கறியோடு வைக்கிறார்கள், அது வெறும் ருசிக்காக வந்த ஜோடி இல்லை. சாளை மலிவு, அதில் புரதத்தோடு வைட்டமின் டி-யும் பி12-ம் உண்டு. சீலியாக்காரர்களுக்கு இவை குறைவாகவே இருக்கும். ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை முடிய விசைப்படகுகளுக்குத் தடை. அந்த 52 நாளும் மீன் விலை ஏறும், வரத்து குறையும். அப்போது பயறு, கடலை, முட்டையைக் கூட்டிக்கொள்ளுங்கள். வெறும் வெள்ளைச் சோற்றில் காலம் தள்ளினால் ரத்தசோகை திரும்பும், கேழ்வரகையும் கீரையையும் விடாதீர்கள்.

அரிசியே சாப்பிட்டும் வயிறு ஏன் கெட்டது? உங்கள் கடிதத்திலேயே இரண்டு பேர் அகப்படுகிறார்கள். ஒருவர் ஹோட்டல் புட்டுக்குற்றி. அரிசிப் புட்டு அவித்த அதே குற்றியில் கோதுமைப் புட்டும் அவிப்பார்கள், நடுவில் யாரும் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க மாட்டார்கள். மற்றவர் மாவு மில். உங்களுக்கு முன்னால் வந்தவர் கோதுமை அரைத்துப் போயிருந்தால் அந்த மாவு எந்திரத்தின் கல்லிலும் குழாயிலும் தங்கி, உங்கள் அரிசிமாவோடு வீட்டுக்கு வரும்.

இத்தனூண்டு துளிக்கா இந்தப் பாடு என்று உங்கள் கணவர் கேட்கலாம். கணக்கைக் காட்டுங்கள். ஒரு துண்டு பிரெட்டில் ஏறத்தாழ 2 கிராம், அதாவது 2,000 மில்லிகிராம் குளூட்டன் இருக்கிறது. தினமும் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே சீலியாக் குடல் பழுதாகத் தொடங்குகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நாளுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் பெரும்பாலோர் தாங்குவார்கள். இது பிரெட் துண்டில் இருநூற்றில் ஒரு பங்கு. மில் குழாயில் தங்கிய மாவு இதைத் தாராளமாகத் தாண்டும். ஆகவே அரிசியை ஊறவைத்து நிழலில் உலர்த்தி மிக்சியில் திரித்துச் சலித்துக்கொள்ளுங்கள். சின்னக் குடும்பத்துக்கு அது போதும். வீட்டுக்கு ஒரு புட்டுக்குற்றி, ஒரு தோசைக்கல், ஒரு சல்லடை உங்களுக்கென்று தனியாக இருக்கட்டும்.

மூன்றாவது ஆளை நீங்கள் குறிப்பிடவே இல்லை: பெருங்காயம். ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வரும் பிசினின் காட்டம் சமையலுக்குத் தாங்காது. அதை மாவோடும் வேலம்பிசினோடும் சேர்த்துத்தான் கட்டியாகவும் தூளாகவும் விற்கிறார்கள். பல கம்பெனிகள் சேர்ப்பது கோதுமை மாவோ மைதாவோதான். அரிசிமாவு சேர்த்ததும் உண்டு, டப்பாவின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும். விழிஞ்ஞத்தில் கிடைக்காவிட்டால் நகரத்துக்குப் போகும்போது சாலைக் கடைத்தெருவில் கேளுங்கள். தமிழ் வியாபாரிகள் தலைமுறை தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் இடம், பாஷைச் சிக்கலும் இல்லை. அதுவரை சாம்பாருக்குப் பூண்டும் சீரகமும் போதும். ஒன்றும் குடிமுழுகிவிடாது.

வெளியே சாப்பிடும்போது மரச்சீனியும் மீன்கறியும்தான் எனக்குத் தெரிந்து மிகப் பாதுகாப்பான ஜோடி. வறுத்த மீனில் கவனம் வேண்டும், மசாலாவில் மைதா கலப்பவர்கள் உண்டு. பழம்பொரியின் மேல்மாவே மைதாதான், அது பொரிந்த எண்ணெயில் பொரிந்த உளுந்து வடையும் உங்களுக்கு ஆகாது. தட்டுக்கடைத் தோசை வேண்டாம், அதே கல்லில்தான் பரோட்டா புரள்கிறது. சில்லி சிக்கன் வகையறாவில் சோயா சாஸ், அதில் கோதுமை. மால்ட் பானங்களில் பார்லி. சந்தேகம் வந்தால் ‘கோதம்போ மைதயோ ரவயோ சேர்த்திட்டுண்டோ?’ என்று கேளுங்கள், மூன்றையும் பேர் சொல்லியே கேட்க வேண்டும். கோதுமை இல்லை என்று சத்தியம் செய்பவருக்கு மைதா கோதுமையிலிருந்து வருவது நினைவில் இருக்காது.

கல்யாணச் சத்யாவில் பரிப்பு, நெய், அவியல், ஓலன், எரிசேரி, தோரன் என்று பாதி இலை உங்களுடையது. சாம்பார், ரசம், ஊறுகாயில் காயம் இருக்கும், விட்டுவிடுங்கள். திருவனந்தபுரத்துச் சத்யாவுக்கே உரிய ஆபத்து போளி. மைதாவில் செய்து, இலையில் போட்டு, மேலே பால்பாயசத்தை ஊற்றுவார்கள். பால்பாயசம் வெறும் அரிசியும் பாலும்தான். போளி வைக்க வருபவரைக் கையால் மறித்துவிட்டுப் பாயசத்தைத் தனியாகக் கிண்ணத்தில் வாங்கிக் குடியுங்கள். அடைப் பிரதமன் என்றால் அடை வீட்டில் செய்ததா, பாக்கெட்டா என்று கேளுங்கள். கிறிஸ்துமஸுக்கு வரும் முந்திரிக்கொத்திலும் அச்சப்பத்திலும் சிலர் அரிசிமாவோடு மைதா சேர்ப்பார்கள். சேச்சியின் பலகாரத்தில் இதையெல்லாம் கேட்டபின் சிலது உங்களுக்கு ஆகக்கூடியதாகவே இருக்கும். பாக்கெட் உணவில், குளூட்டன் இல்லாதது என்று போட்டால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு உணவுத் தர விதி. வெறுமனே ‘அரிசி’ என்று எழுதியிருப்பதற்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

நற்கருணை பற்றிக் கேட்டதை லேசாக எடுக்கவில்லை. ஓஸ்தி கோதுமையால் ஆனது, வாரம் ஒன்று என்றாலும் உங்களுக்குக் கூடாது. ஆனால் திருச்சபை இதற்கு வழி வைத்திருக்கிறது. 2003-ல் வத்திக்கான் அனுப்பிய சுற்றறிக்கையும், 2017-ல் வந்த கடிதமும் சொல்வது இது: குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைந்த அளவு உள்ளது செல்லும், சீலியாக் உள்ளவர் திராட்சை ரசத்தை மட்டும் பெற்றுக்கொள்வதும் முழுமையான நற்கருணையே. பங்கு அச்சனிடம் மருத்துவச் சீட்டோடு போய்ப் பேசுங்கள். ஒரு கோரிக்கையை மறக்காதீர்கள்: உங்களுக்குரிய கிண்ணம் தனியாக இருக்க வேண்டும். பூசையில் அச்சன் அப்பத்தின் ஒரு துணுக்கைத் தன் கிண்ணத்தில் இடுவார், அந்தக் கிண்ணத்து ரசம் உங்களுக்கு ஆகாது. குறைந்த குளூட்டன் அப்பம் என்றால் எவ்வளவு என்று பார்த்து உங்கள் மருத்துவரிடம் காட்டிய பிறகு முடிவு செய்யுங்கள்.

நகரத்து மருத்துவக் கல்லூரியில் குடல்நோய்ப் பிரிவு இருக்கிறது, டெல்லிக் கோப்புகளோடு ஒருமுறை போய்ப் பதிந்துகொள்ளுங்கள். டிடிஜி என்ற சீலியாக் எதிர்ப்பொருளின் அளவை ரத்தத்தில் ஆறு மாதத்தில் ஒருமுறை, பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். இரும்பு, பி12, வைட்டமின் டி, எலும்பு அடர்த்தியும் கூடவே. வாந்தி, பேதி அடங்கச் சில வாரம் போதும். பெரியவர்களுக்குக் குடலின் உட்சுவர் பழைய நிலைக்குத் திரும்ப ஓராண்டு, இரண்டாண்டு கூட ஆகும். அதுவரை பால் ஒத்துக்கொள்ளாமல் இருந்தால் பயப்பட வேண்டாம், குடல் ஆறியதும் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மகனுக்கு வருமா என்றால், தாய் தந்தை, உடன்பிறந்தவர், பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருக்கக்கூடும். அவனுக்கும் அதே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். பரிசோதனை முடியும்வரை அவன் சப்பாத்தியை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். இல்லை என்று வந்தால் சில வருடம் கழித்து மறுபடி பார்க்கலாம், உயரமோ எடையோ தயங்கினால் முன்பே. நோய் இல்லாத பிள்ளைக்கு உங்கள் பத்தியம் எதற்கு? சப்பாத்தியைக் கணவர் தேய்க்கட்டும், நீங்கள் அடுப்படியில் இல்லாத நேரத்தில், அவர்களுக்கென்று வைத்த கல்லில். உலர்ந்த மாவு காற்றில் பறந்து திறந்திருக்கும் பாத்திரங்களில் படியும், ஆகவே உங்கள் சாப்பாட்டை மூடி வைத்தபிறகு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பப்ஸ் கேட்டால் பேக்கரி வாசலிலேயே தின்று, கையையும் வாயையும் கழுவிவிட்டு வீட்டுக்கு வரட்டும்.