இறால் வளர்ப்பில் ஒளியின் பங்கு

இறால் பண்ணையின் செலவுக் கணக்கில் குஞ்சு, தீவனம், மின்சாரம், கூலி, குத்தகை ஆகிய இனங்கள் இடம்பெறும். கதிரவன் ஒளிக்கு விலையில்லை. எனவே அதற்குக் கணக்கில் இடமுமில்லை. ஆயினும் குஞ்சின் தரம், இரவு நேர மின்செலவு, சில வேளைகளில் முழு அறுவடையின் கதி ஆகியவை ஒளியைப் பொறுத்தே அமைகின்றன. நம் நாட்டின் கடல்பொருள் ஏற்றுமதி வருவாயில் முதலிடம் வகிப்பது உறைந்த இறால். வளர்ப்பு இறால் உற்பத்தியில் முன்னிற்கும் மாநிலம் ஆந்திரப் பிரதேசம். அங்குள்ள பண்ணைகளுள் பல சிறு விவசாயிகளுடையவை. ஓர் இரவில் நேரும் இழப்பையும் தாங்கும் ஆற்றல் அவர்களுக்கு இல்லை.

தாய் இறாலும் ஒளியும்

இறாலின் கண்கள் காம்புகளின் நுனியில் உள்ளன. சினைப்பை முதிர்ச்சியைத் தடுக்கும் இயக்குநீர் இக்காம்புகளிலேயே சுரக்கிறது. காம்பை நீக்கினால் சினைப்பை விரைந்து வளர்வதைப் பிரெஞ்சு ஆய்வாளர் பனூஸ் 1943இல் கண்டறிந்தார். பொரிப்பகங்களில் தாய் இறாலின் ஒரு கண்காம்பை நீக்கும் வழக்கம் இந்த அடிப்படையில் எழுந்ததே. ஆனால் இது மட்டும் போதாது. தாய் இறால் அறையில் ஒளி மங்கலாக இருத்தல் வேண்டும்; ஒளி நேரமும் இருள் நேரமும் நாள்தோறும் மாறாமல் அமைதல் வேண்டும். திடீர் வெளிச்சம் அவற்றை மிரளச் செய்யும்.

2009இல் இந்தியாவில் வளர்ப்புக்கு அனுமதிக்கப்பட்ட வனாமி இறால், அந்தி வேளையில் இணைசேரும் இயல்புடையது. மூடிய அறையில் மின்விளக்குகளால் இரவு பகலை மாற்றியமைத்து, பணியாளரின் வேலை நேரத்திலேயே செயற்கை அந்தியை உண்டாக்க இயலும்.

குஞ்சுப் பருவம்

முட்டையிலிருந்து வெளிவரும் முதற்பருவமான நாப்ளியஸ், ஒளியை நாடி நீந்தும். காற்றூட்டலை நிறுத்தித் தொட்டியின் மேற்புறம் விளக்கைக் காட்டினால், வலுவுள்ளவை மேலே திரளும். நலிந்தவை அடியில் தங்கும். மேலே திரண்டவற்றை மட்டும் சேகரிப்பது செலவற்ற தரத் தேர்வாகும். அடுத்த பருவமான சோயியாவுக்கு நுண்பாசியே உணவு. அப்பாசியை வளர்ப்பதற்கும் ஒளி தேவை.

குளத்தில் ஒளி

குளத்தில் ஒளியின் செயல் இருமுனைப்பட்டது. பகலில் மிதவைப் பாசி ஒளிச்சேர்க்கையால் பிராணவாயுவை வெளியிடுகிறது. கரியமில வாயுவை ஈர்ப்பதால் நீரின் கார அமில நிலை பிற்பகலில் உயர்கிறது. அந்நிலை மிகையாக உயரின் அம்மோனியாவின் நச்சுத்தன்மை கூடும். இரவில் பாசி, இறால், அடிச்சேறு ஆகிய மூன்றும் பிராணவாயுவைச் செலவிடுகின்றன. எனவே அதன் அளவு மிகக் குறைவது விடியலுக்குச் சற்று முன்னரே. தொடர்ந்து மேகமூட்டம் நிலவினால் பகல் வரவு குறையும். இரவுச் செலவோ குறையாது. பாசி திடீரென மடிந்தால் அது அழுகுவதற்கும் பிராணவாயு செலவாகும். ஏரேட்டர் எனப்படும் காற்றூட்டும் துடுப்புச் சக்கரங்கள் இந்தப் பற்றாக்குறையை ஈடுசெய்கின்றன. அடர்த்தியாக இறால் விடப்பட்ட குளத்தில் அந்நேரத்தில் மின்சாரம் தடைப்படின், பல மாத உழைப்பு சில மணி நேரத்தில் அழிந்துவிடக்கூடும்.

எளிய அளவுகோல்

இத்தாலிய வானியலறிஞர் செக்கி 1865இல் பயன்படுத்திய தட்டு இன்றும் பண்ணையாளருக்கு உதவுகிறது. கறுப்பு வெள்ளைப் பிரிவுகள் தீட்டிய 20 செ.மீ. விட்டமுள்ள தட்டை நீரில் இறக்கி, அது கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்தல் வேண்டும். 30 முதல் 40 செ.மீ. வரை இருப்பது பொதுவாக ஏற்றது. அதனினும் குறைந்தால் பாசி மிகுதி என்றோ, சேற்றுக் கலங்கல் என்றோ நீரின் நிறத்தைக் கொண்டு அறியலாம். பாசி மிகுதியெனில் தீவனத்தைக் குறைத்து, நீரில் ஒரு பகுதியை மாற்றுதல் தகும். ஆழம் மிக அதிகமானால் ஒளி அடித்தளத்தை எட்டித் தேவையற்ற அடிப்பாசி வளரும்.

அலுவலர் கவனத்திற்கு

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று செய்திகள் தெளிவாகின்றன. முதலாவது, செக்கித் தட்டின் அளவீட்டை நாள்தோறும் பதிவு செய்யும் பழக்கத்தை விரிவாக்கப் பணியாளர்கள் பண்ணைகளில் ஊன்றச் செய்தல் வேண்டும். இரண்டாவது, மேகமூட்ட நாட்களில் தீவனக் குறைப்பு பற்றிய எச்சரிக்கை உரிய காலத்தில் பண்ணையாளரை எட்டுதல் வேண்டும். மூன்றாவது, இறால் பண்ணை வட்டாரங்களில் பராமரிப்புக்கான மின்நிறுத்தத்தைப் பின்னிரவில் வைத்துக்கொள்ளலாகாது. இவற்றுள் எதற்கும் பெருமுதலீடு தேவையில்லை. விலையின்றிக் கிடைக்கும் ஒளியை அளந்து அறிந்தால், விலை கொடுத்துப் பெறும் மின்சாரமும் தீவனமும் வீணாகா.