சுழலும் தண்டுக்கு ஒரு வேலி

புது வீடு கட்டுபவர் கூரையைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்பவேண்டும். எவராவது விழுந்து இறந்தால் பழி அவ்வீட்டின்மேல் வரும் என்கிறது இணைச்சட்ட நூல் (22:8).

எமது நாட்டின் 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் இதே வழியில் செல்கிறது. இயந்திரத்தின் ஆபத்தான பகுதிகளுக்குப் பாதுகாப்பு வேலி வேண்டும். அவை ஓடும்போது அதைக் கழற்றக்கூடாது. நீங்கள் கூலிக்குப் போகும் அரிசி ஆலையில் பட்டிக்கு மூடி போடுவது முதலாளியின் கடமை. தனியே கேட்டால் வேலை போய்விடுமோ என்ற பயம் உண்டு. ஆகவே சேர்ந்து கேளுங்கள்.

சூடடிக்கும் களத்துக்கோ பரிசோதகர் வருவதில்லை. அங்கே நாமே காவல். உழவு இயந்திரத்தின் பின்தண்டு வழமையாக நிமிடத்துக்கு 540 தடவை, அதாவது விநாடிக்கு 9 தடவை சுழலும். சேலைத் தலைப்போ சாறமோ சிக்கினால் விலக நேரமிராது.

1. மூடியில்லாத இயந்திரத்தை இயக்கவேண்டாம்.
2. வைக்கோல் அடைத்தால் இயந்திரத்தை நிறுத்தி, சுழற்சி அடங்கிய பின்பே கைவையுங்கள்.
3. உடையை இறுக்கிக் கட்டுங்கள். பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

காணியை விட்டுவந்த எமக்கு மிஞ்சிய முதல் இரு கைகளே.

குழுவில் கலந்துரையாட: நாம் வேலைசெய்யும் இயந்திரங்களில் மூடியில்லாதவை எவை? உரிமையாளருடன் யார் யார் சென்று பேசுவது?